வி எண்ணா, வண்ணமா?

முத்தியால்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் பத்தடி உயர பிளைவுட் சுவர் ஒன்று சாய்வாக நிற்கிறது. பவுல்டரிங், அதாவது கயிறில்லாமல் உயரம் குறைந்த பாறைகளில் ஏறுவது, பழக நானும் மைத்துனரும் அடித்தது. ஒன்றரை வருடம் ஒவ்வொரு பிராப்ளத்திலும் (ஏறும் பாதைக்கு அதுதான் பெயர்) அது எவ்வளவு கடினம் என்று காட்ட வி2, வி3, வி4 என்று ஸ்டிக்கர் இருந்தது. அப்புறம் அதையெல்லாம் கிழித்துவிட்டு வண்ண டேப்புக்கு மாறினேன். ஞாயிறுதோறும் கடலூரிலிருந்து வரும் தம்பிக்கு இன்னும் கோபம்: “நம்பர் இல்லாம முன்னேறுறோமான்னு எப்படிண்ணே தெரியும்?”

வி எண் டெக்சஸின் ஹூவேகோ டாங்க்ஸ் பாறைகளில் பிறந்தது. ஜான் ஷெர்மன் 1991-இல் வழிகாட்டி நூலில் அச்சேற்றினார். இப்போது வி17 வரை போகிறது. வண்ணம், பாரிஸுக்குத் தெற்கே உள்ள ஃபோன்டேன்ப்ளோ காட்டு வழக்கம். அங்கே பாறைகளிலேயே அம்புக்குறியும் வரிசை எண்ணும் பெயின்டில் இருக்கும். மஞ்சள் எளிது, ஆரஞ்சு, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் கூடும். ஒரு வண்ணத்தைப் பிடித்தால் அதன் பாறைகளை வரிசையாக ஏறி முடிக்க வேண்டும்.

எண்ணால் ஊர்விட்டு ஊர் பேசலாம். பாறை ஏற ஹம்பிக்குக் கிளம்பினால் எண்தான் உதவும். அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் அளவுகோலே கண்ணைக் கட்டும். வி4-இல் ஏழு மாதம் கிடந்தேன். வண்ணம் தவிர ஃபோன்டேன்ப்ளோவுக்கு ஒரு எண்முறையும் உண்டு. அது அதே வி4-ஐ 6பி, 6பி+ என்று இரண்டாகப் பிரிக்கிறது. அந்த முறையில் ஒட்டியிருந்தால் நடுவில் ஒரு படி ஏறியதாகக் குதித்திருப்பேன். கை அதே கைதான்.

எனக்கு முடிவைச் சொன்னது நம்ம ஊர்ப் புழுக்கம். சித்திரையில் கடல்காற்று ஏறும் சாயங்காலம், விளிம்பில்லாத உருண்டைப் பிடியான ஸ்லோப்பரில் உள்ளங்கையை வைத்தால், வழுக்காமல் இருக்கக் கையில் பூசிய சாக் பொடி தோசை மாவாகக் குழைந்து விரல் நழுவும். தை மாதம் நிதானமாக ஏறிய அதே வி4 மூன்றாவது பிடியிலேயே தள்ளிவிடும். ஸ்டிக்கர் மட்டும் வி4 என்றே நிற்கும். பார்க்கிறவனுக்குத் தான் தேய்ந்துவிட்டதாகத் தோன்றும். நான் அப்படி நினைத்துத்தான் இரண்டு மாதம் மாடிப் பக்கமே போகவில்லை.

எங்கள் சுவரில் நீல வரிசையில் 24 பிராப்ளம். தை மாதம் 21 முடிந்தது, சித்திரையில் 13. சறுக்கல்தான். ஆனால் முந்தைய சித்திரைக்கு நோட்டைப் புரட்டினால் 9. எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இரண்டு சித்திரைக்கும் ஒரே பதில்தான்: வி4 வரவில்லை. அந்த நாலு பிராப்ளம் கணக்கிலேயே வந்திருக்காது.

வண்ணத்திலும் தொல்லை உண்டு. ஹோல்டுகளை, அதாவது சுவரில் மாட்டிய பிடிகளை, இடம் மாற்றினால் பழைய கணக்கு செத்தது. அதனால் எங்கள் சுவர் அலுத்துப்போகும் அளவுக்கு அப்படியே இருக்கிறது. டேப்பும் வெயிலில் உரிந்துவிடும். வரிசையை அமைத்தது நானே என்பதால் என் கை நீளத்துக்குச் சாதகமாக இருக்கிறது என்று தம்பி சொல்வதும் சரிதான். வி5-க்கு மேல் நான் ஏறியதில்லை. அங்கே ஒரே பிராப்ளத்தில் ஒரு சீசனைக் கழிக்கிறவர்களுக்கு இந்த எண்ணிக்கை எதற்கு ஆகும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

தம்பிக்காக இடது மூலையில் ஒரு வி5 ஸ்டிக்கரை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். வந்ததும் முதலில் அதைத்தான் தொடுகிறான். போன ஞாயிறு கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே, “நீலத்துல எனக்கு எத்தனைண்ணே?” என்றான். பதினேழு.