புதினாவுக்கு எந்தக் கத்தரி, ரோஜாவுக்கு எந்தக் கத்தரி?

மாடித்தோட்டத்தில் செடி வெட்டக் கத்தரி வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது எடையை. அட்டையிலும் அதைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆனால் வரிசையாக வைத்த செவ்வந்தித் தொட்டிகளில் காய்ந்த பூவையெல்லாம் வெட்டி முடிப்பதற்குள் கை ஓய்ந்துபோகிறதென்றால், அதற்குப் பெரும்பாலும் எடை காரணமில்லை. பிடிகளுக்கு நடுவே உள்ள ஸ்பிரிங்தான் காரணம். ஒவ்வொரு வெட்டுக்கும் அதன் விறைப்பை எதிர்த்துத்தான் அழுத்துகிறோம். முரட்டு ஸ்பிரிங் போட்ட 80 கிராம் கத்தரியைவிட, கொஞ்சம் கனமானாலும் மெதுவாக அழுந்துகிற கத்தரியே மேல். எடையைத் தராசு சொல்லிவிடும், ஸ்பிரிங்கைக் கையில் பிடித்து அழுத்திப் பார்த்தால்தான் தெரியும். இணையத்தில் வாங்குவதில் உள்ள பெரிய சிக்கலே இதுதான்.

நம் மாடிகளில் இருக்கிற செடிகளை வைத்தே பார்ப்போம்: புதினா, கொத்தமல்லி, துளசி, செவ்வந்தி, ரோஜா, கறிவேப்பிலை. இவற்றுக்கு நான்கு வகைக் கத்தரிகள் போட்டிக்கு வருகின்றன.

முதலாவது, கூர்முனை ஸ்பிரிங் கத்தரி. அலகு ஒல்லியாக, நீளமாக, நுனியில் ஊசிபோல முடியும். பிளாஸ்டிக் பிடி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அலகு, பெரும்பாலும் 100 கிராமுக்குள் அடங்கிவிடும். பின்லாந்தின் பிஸ்கர்ஸ் முதல் பெயர் தெரியாத சீனத் தயாரிப்பு வரை எல்லாம் ஒரே வடிவம்தான். இதன் பலம் நுனியில் இருக்கிறது. நெருக்கமாகப் பூத்த செவ்வந்தியில் பக்கத்து மொட்டைத் தொடாமல் வாடிய பூவின் காம்பை மட்டும் எடுக்கலாம். துளசிக் கதிர்களைக் கணுவுக்கு மேலே சரியாக வெட்டலாம். கதிரை அப்படியே விட்டால் செடி விதை கட்டுவதில் இறங்கி இலையைச் சிறுக்க விட்டுவிடும் என்பதால், துளசி வளர்ப்பவர்களுக்கு இது அடிக்கடி செய்ய வேண்டிய வேலை. பலவீனமும் அதே நுனிதான். பென்சில் கனத்துக் குச்சியை நுனியில் வைத்துத் திருகினால் அலகு விலகிவிடும். பிறகு எவ்வளவு சாணை பிடித்தாலும் இலையை வெட்டாது, மடிக்கும்.

இரண்டாவது, தையற்காரர் கையில் இருக்கும் நூல் கட்டர். திருப்பூர்ப் பக்கம் டிரிம்மர் என்பார்கள். பனியன் கம்பெனிகளில் பிசிறு வெட்ட நாள் முழுக்க இதைத்தான் பிடித்திருக்கிறார்கள். ஒரே எஃகுத் தகட்டை வளைத்துச் செய்தவையும் உண்டு, பிளாஸ்டிக் பிடி போட்டவையும் உண்டு. தோட்டக் கடையில் இது கிடைக்காது, தையல் சாமான் கடையில் கிடைக்கும். மற்ற மூன்றையும்விட விலை மிகக் குறைவு. உள்ளங்கைக்குள் அடங்கும், எடையே தெரியாது, ஸ்பிரிங் மிக மெல்லியது. கொத்தமல்லி, வெந்தயக் கீரை, புதினா இவை மட்டும்தான் உங்கள் தோட்டம் என்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பேன். வாய் அதிகம் திறக்காது என்பதுதான் குறை. கீரைத்தண்டு கொஞ்சம் முற்றியிருந்தாலே திணறும். பூட்டும் கிடையாது, அலகு எப்போதும் திறந்தே இருக்கும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குனியாதீர்கள்.

சரி, புதினாவுக்கு எதற்குக் கத்தரி, நகத்தால் கிள்ளினால் போதாதா? நுனிக்கொழுந்துக்குப் போதும். துளசிக்கும் கற்பூரவல்லிக்கும் விரலே நல்ல கருவி. மல்லிகை மொட்டை யாரும் கத்தரியால் பறிப்பதில்லை. ஆனால் புதினாத் தண்டு கீழே போகப் போக நார் ஏறும். மண்ணுக்கு இரண்டு விரல் மேலே கிள்ள முயன்றால் தண்டு அறாமல் வேரோடு வந்துவிடும், தளர்ந்த தொட்டி மண்ணில் இன்னும் சுலபமாக வரும். அந்த இடத்தில்தான் கத்தரி வேண்டும்.

மூன்றாவது, தொட்டியில் குட்டையாக வளர்க்கும் போன்சாய் மரங்களுக்கான கத்தரி. பெரிய வளையப் பிடி, குட்டை அலகு, ஸ்பிரிங் கிடையாது. அழுத்தும்போது எதிர்ப்பே இல்லை என்பதால் இதுதான் கைக்குச் சுகம் என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. மூடுவது சுலபம்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் திறக்க விரல்கள்தான் உழைக்க வேண்டும். கட்டைவிரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கு அது பிடிக்காது, அவர்களுக்கு மெல்லிய ஸ்பிரிங்கே நல்லது. வெட்டின் சுத்தத்தில் இதை அடிக்க ஆளில்லை. பாரம்பரியமாகக் கார்பன் எஃகில் செய்வது என்பதால் கூர் நீண்ட நாள் நிற்கும், சாணைக்கும் நன்றாக வரும். அதே எஃகு சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்க் காற்றில் ஒரே இரவில் செம்புள்ளி போட்டுவிடும். துடைத்து எண்ணெய் தடவும் பழக்கம் இல்லாதவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

நான்காவது, கவாத்துக் கத்தரி, அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்குவது. வளைந்த அலகு மற்றொன்றைத் தாண்டிப் போகும் வகை. இது இலகு வகையே இல்லை. உலகம் முழுக்க அளவுகோலாக வைத்துப் பேசும் சுவிட்சர்லாந்தின் ஃபெல்கோ 2 கிட்டத்தட்ட 240 கிராம், 25 மில்லிமீட்டர் வரை வெட்டும். கொத்தமல்லிக்கு இதை எடுப்பது வீண். ஆனாலும் ரோஜா, கறிவேப்பிலை, செம்பருத்தி உள்ள வீட்டில் இது இல்லாமல் முடியாது. மல்லிகையை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்யச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அந்தக் குச்சியில் கூர்முனைக் கத்தரியை வைத்தால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு அலகு தட்டையான தகட்டின் மேல் வந்து உட்காரும் வகையும் விற்கிறார்கள். காய்ந்த குச்சிக்கு அது சரி, பச்சைத் தண்டை நசுக்கிவிடும்.

ஐந்து அலகு சேர்ந்த மூலிகைக் கத்தரி என்று ஒன்று வருகிறது. அலகுகளுக்கு நடுவே சிக்கிய தழையை எடுக்கவே தனியாகச் சீப்பு கொடுக்கிறார்கள். விட்டுவிடலாம்.

வீட்டில் கிடக்கும் சாதாரணக் கத்தரிக்கோலை நான் அப்படி ஒதுக்க மாட்டேன். உத்தரப் பிரதேசத்தின் மீரட் கத்தரிக்கோலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வண்டிகளின் கழிவு எஃகிலிருந்து அலகு அடிக்கும் தொழில் அது. கூர் போனால் சாணை பிடித்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அலகு அகலம் என்பதால் செடியின் உள்ளே நுழையாது, அவ்வளவுதான். நீளக் காம்போடு பூவை வெட்டி ஜாடியில் வைக்க இதுவே போதும்.

என்னைக் கேட்டால் கலவையான மாடித்தோட்டத்துக்குக் கூர்முனைக் கத்தரி ஒன்று, சிறிய கவாத்துக் கத்தரி ஒன்று. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது, ரோஜாவும் இருக்கிறது என்றால், கவாத்துக் கத்தரியை வாங்கிவிட்டுக் கீரைக்கு நூல் கட்டரை வைத்துக்கொள்ளலாம். இடக்கைக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்க வேண்டும். இரண்டு கைக்கும் என்று எழுதியிருந்தாலும் அது பிடியைப் பற்றிய பேச்சு. அலகுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் திசை பெரும்பாலும் வலக்கைக்கானது. வளையப் பிடிக் கத்தரியை இடக்கையில் பிடித்தால் விரல் அழுத்தமே அலகுகளைப் பிரிக்கும். உள்ளங்கையால் அழுத்தும் ஸ்பிரிங் வகையில் இந்தத் தொல்லை குறைவு.

கடையில் சோதிக்க ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை ஈரமாக்கி அலகின் நுனியால் மட்டும் வெட்டிப் பாருங்கள். கிழிந்தால் வேண்டாம். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்போது 70 சதவீத ஆல்கஹாலில் அலகைத் துடைப்பது நல்லது. மிளகாய், தக்காளியின் இலைச்சுருட்டு வைரஸ் மட்டும் வெள்ளை ஈயால் பரவுவது, அதற்குக் கத்தரியைக் குறை சொல்லிப் பயனில்லை. எலுமிச்சைப் புல்லை நல்ல கத்தரியால் வெட்டாதீர்கள், அதிலுள்ள சிலிக்கா கூரைத் தின்றுவிடும்; பழைய கத்தி போதும்.

அப்புறம், பிடியின் நிறம். பச்சைப் பிடி பார்க்க அழகாக இருக்கும். வெட்டிய தழையோடு தழையாக உரத்தொட்டிக்குள் போவதும் அதுதான். ஆரஞ்சு அல்லது சிவப்பு எடுங்கள்.