அரசா, தனியாரா: வேலூர்க்காரர் ஒருவரின் ஒப்பீடு

வேலூரில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் அரசு மருத்துவமனை நல்லதா, தனியார் மருத்துவமனை நல்லதா என்று கேட்டால், அவர் மனத்தில் உடனே வந்து நிற்பவை அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், சி.எம்.சி. எனப்படும் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும்தான். ஒப்பீடு அங்கேயே தடம் மாறிவிடுகிறது. சி.எம்.சி. அரசுடையதன்று என்பது உண்மை. ஆனால் 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கி, 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாக வளர்த்து, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் சேர்த்த அந்த நிறுவனம் லாபத்துக்காக நடத்தப்படுவதில்லை. அங்கே கூடுதல் கட்டணம் செலுத்தித் தனிப் பிரிவில் பார்த்துக்கொள்பவர்களின் பணம் பொதுப் பிரிவுக்கும் ஏழைகளின் சிகிச்சைக்கும் துணை நிற்கிறது, கே.வி.குப்பம் வட்டாரத்தில் 1977 முதல் இயங்கும் ரூசா என்ற கிராம நலப் பிரிவும், கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் நடக்கும் சமுதாய நலப் பணியும் அதே நிறுவனத்தின் கைகள்தாம். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் கோப்புகளைச் சுமந்துகொண்டு காட்பாடி ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறவர்கள் தேடி வருவது இந்த மூன்றாம் வகையைத்தான். அதைத் ‘தனியார்’ என்ற சொல்லுக்குள் அடைத்துவிட்டு, ‘பார்த்தீர்களா, தனியார்தான் தரம்’ என்று முடிவு கட்டுவது நியாயமாகாது.

அரசு மருத்துவமனைக்கு உண்மையான போட்டி, நம் ஊர்களில் பேருந்து நிலையத்தை ஒட்டியும் கடைத்தெருவின் மாடியிலும் 10 முதல் 50 படுக்கைகளோடு இருக்கும் நர்சிங் ஹோம்களும், அவற்றைவிடச் சற்றுப் பெரிய தனியார் மருத்துவமனைகளுமே ஆகும். குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ ஆர்க்காட்டிலோ ஒரு குடும்பம் இரவு பதினொரு மணிக்கு ஆட்டோ பிடிக்கும்போது அதன் முன்னால் இருக்கிற தேர்வு ‘ஜி.எச்.சுக்குப் போவதா, அந்த நர்சிங் ஹோமுக்குப் போவதா’ என்பதுதான். அந்த இரண்டையும் எதிரெதிரே வைத்துத்தான் இக்கட்டுரையில் பார்க்கிறேன்.

பிரசவத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஏதோ ஒரு மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அரசு மருத்துவமனைகளில். 2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் 100 பிரசவங்களில் 63.8 அறுவைச் சிகிச்சையால் நடந்தவை. அரசு மருத்துவமனைகளில் அது 36. சிக்கலான கேஸ்கள் தனியாருக்குப் போவதால்தான் இந்த வேறுபாடு என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நடப்பது நேர்மாறானது. ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்த பெண்ணையும், ரத்தம் நில்லாமல் போகிற பெண்ணையும் சிறு நர்சிங் ஹோம்கள் வைத்துக்கொள்வதில்லை. 108-ஐ வரவழைத்துப் பெரிய அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகின்றன. சிக்கல்களெல்லாம் வந்து குவிகிற இடத்தில் 36, சிக்கலைக் கைகழுவுகிற இடங்களும் சேர்ந்த கணக்கில் 63.8 என்பது என்னை மிகவும் வருத்துகிற கணக்கு.

இதற்குப் பேராசை மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நர்சிங் ஹோமில் மகப்பேறு மருத்துவர் ஒருவர்தான் இருப்பார். மயக்க மருத்துவர் மூன்று நான்கு இடங்களுக்குப் போய்வருகிறவராக இருப்பார். வலி எடுத்த பெண்ணின் அருகில் பன்னிரண்டு மணி நேரம் முறைபோட்டுக் காத்திருக்க அவர்களிடம் ஆள் இல்லை. நாள் குறித்து, மயக்க மருத்துவரை வரவழைத்து, ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவது அவர்களுக்கு இயல்பான ஏற்பாடாகிவிட்டது. நல்ல நேரம் பார்த்துக்கொண்டு வருகிற குடும்பங்களும் அதற்குத் துணைபோகின்றன. அரசு மருத்துவமனையில் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை செவிலியர் மாறுவார், பயிற்சி மருத்துவர் மாறுவார், ஆனால் யாராவது ஒருவர் அங்கே இருப்பார். முதல் பிரசவம், உடலில் வேறு கோளாறு இல்லை என்றால் என் வீட்டுப் பெண்களுக்கு நான் சொல்வது அரசு மருத்துவமனையைத்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியாக ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் பணமும் சேர்த்து 18,000 ரூபாய் கிடைப்பது கூடுதல் பயன். அதற்காக மட்டும் அங்கே போகச் சொல்லவில்லை.

சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய் போன்ற நீண்ட நாள் நோய்களில் ஒப்பீடு சீக்கிரமே முடிந்துவிடும். 1994-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக ஒப்பந்தம் கோரி மருந்து வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக ஆரம்ப சுகாதார நிலையம் வரை அனுப்புகிறது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அதே மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. மாதந்தோறும் தனியார் மருந்துக் கடைக்குப் போகிறவர்களில் பலர் கைநெருக்கடி வரும் மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள் என்பதை என் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மாத்திரை இலவசமாக இருந்தால்தான் ஏழை வீட்டில் விட்டுப்போகாமல் சாப்பிடப்படும்.

பாம்புக்கடியை இந்தப் பகுதியில் தனியாகத்தான் பேச வேண்டும். அணைக்கட்டு, ஒடுகத்தூர், ஜவ்வாது மலையடிவாரம் எங்கும் நெல்லும் வேர்க்கடலையும் கரும்பும் விளைகிற நிலங்களில் விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களுக்கு இது அன்றாட ஆபத்து. பாம்பு நஞ்சு முறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பத்து இருபது குப்பிகள் தேவைப்படலாம் என்பதால் தனியாரிடம் அந்த மருந்தின் விலையே ஒரு குடும்பத்தின் சேமிப்பை விழுங்கிவிடும். அதைக் கையாண்ட பழக்கமும் அரசு மருத்துவர்களுக்கே அதிகம். 2024-இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியதிலிருந்து தனியார் மருத்துவமனைகளும் கணக்குத் தர வேண்டியிருக்கிறது. ஆனால் 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சரியான சாலை இல்லாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துபோனதையும், அந்தக் குழந்தையின் உடலைத் தாய் கையில் ஏந்தி மலைப்பாதையில் நடந்ததையும் நாம் மறந்துவிடக் கூடாது. அந்த மலையில் அரசு மருத்துவமனையும் இல்லை, தனியார் மருத்துவமனையும் இல்லை. லாபம் வராத மலைக்குத் தனியார் ஒருநாளும் போகப்போவதில்லை. போக வேண்டிய கடமை அரசுக்கு மட்டுமே உண்டு.

இதுவரை படித்தவர்கள் நான் அரசு மருத்துவமனைக்காகவே வாதாடுகிறேன் என்று எண்ணக்கூடும். அங்கே நான் பட்டதையும் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மா வேறு மாவட்டத்தில் அக்கா வீட்டில் இருந்தபோது, துவைக்கும் கல்லருகே வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். முதலில் அவ்வூர் நர்சிங் ஹோம் ஒன்றுக்குத்தான் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா சுத்தமான விரிப்பில் படுத்திருந்தார். வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். எலும்பு மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இடுப்பெலும்பை வரைந்து, ‘பாருங்கம்மா, இந்த இடத்துல விட்டுப்போச்சு, இங்க கம்பி வெச்சா மூணாம் நாள் நிக்கலாம்’ என்று நிதானமாகச் சொன்னார். அம்மா அந்தச் சீட்டை இன்றும் வைத்திருக்கிறார். பிறகு கீழே கணக்குப் பிரிவில், உள்நாட்டுக் கம்பியா வெளிநாட்டுக் கம்பியா என்று கேட்டார்கள். எல்லாம் சேர்த்து 1,80,000 ரூபாய் ஆகும் என்றும், இன்றே 50,000 ரூபாய் கட்டினால்தான் நாளைக்கு அறுவை அரங்கில் இடம் என்றும் சொன்னார்கள். இரண்டு கம்பிகளுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டதற்கு, ‘அதுக்கு லைஃப் ஜாஸ்தி சார்’ என்பதற்கு மேல் பதில் வரவில்லை. மேலே அவ்வளவு பொறுமையாகப் பேசிய மருத்துவரிடம் அதைக் கேட்க அதன்பின் எங்களுக்கு வாய்ப்பும் கிடைக்கவில்லை.

அன்றிரவே அரசு மருத்துவமனைக்கு மாற்றினோம். பணம் கேட்கவில்லை. ரத்தம், இதயம், சர்க்கரை எல்லாவற்றையும் சோதித்தார்கள். அம்மாவின் சர்க்கரை 300-க்கு மேல் இருப்பதைக் கண்டுபிடித்து, அது இறங்கும்வரை கத்தி வைக்க மாட்டோம் என்று நிறுத்திவைத்தது அங்கேதான். அறுவை ஒன்பதாம் நாள் நடந்தது, நன்றாகவே நடந்தது, அம்மா இன்று கோலில்லாமல் நடக்கிறார். ஆனால் அந்த ஒன்பது நாளும் அம்மாவுக்கு என்ன நடக்கிறது என்று அவரிடம் எவரும் சொல்லவில்லை. காலையில் பெரிய மருத்துவர் பத்துப் பதினைந்து மாணவர்களோடு வருவார். கட்டிலின் காலடியில் நின்று ஆங்கிலத்தில் பேசுவார்கள். அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். ‘இன்னாப்பா சொல்றாங்க, காலை எடுத்துடுவாங்களா?’ என்று அம்மா என்னைக் கேட்டார். எக்ஸ்ரே அறைக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோக ஊழியர் ஒருவர் 200 ரூபாய் கேட்டார். இல்லை என்றதும் நானும் அக்காவுமே தள்ளினோம். திரும்பும் திருப்பத்தில் வண்டியின் சக்கரம் சிக்கி, அம்மா வலியில் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த இரண்டு கட்டடங்களையும் பார்த்த பிறகு எனக்குப் பட்டது இதுதான்: நோயைப் பார்ப்பதில் அரசு மருத்துவமனை சளைத்ததில்லை, நோயாளியைப் பார்ப்பதில்தான் அது தோற்கிறது. நர்சிங் ஹோமில் நோயாளியைப் பார்க்கத் தெரிகிறது. அந்த அன்பின் விலைதான் கணக்குப் பிரிவில் வந்து சேர்கிறது. நம் மக்கள் நிலத்தை அடகு வைத்தாவது தனியாரிடம் போவதற்குக் காரணம், அரசு மருத்துவர்களுக்குத் திறமை இல்லை என்ற எண்ணமன்று. ‘மனுஷனா மதிக்கிறாங்க’ என்ற ஒரே சொல்தான் அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. வார்டுக்கு ஓர் ஆளை நோயாளிகளுக்கு விளக்கம் சொல்வதற்கென்றே அமர்த்தினாலும், தள்ளுவண்டி தள்ளுகிறவருக்கு ஒப்பந்தக் கூலிக்குப் பதில் நிரந்தர ஊதியம் கொடுத்தாலும், இந்தக் குறையில் பாதி தீரும். பல கோடிக்குக் கட்டடம் கட்டுவதைவிட இது செலவு குறைந்த வேலை.

கட்டடங்களும் தேவைதான் என்பதை மறுக்கவில்லை. 2005-இல் அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தபோது நகருக்குள் இருந்த பென்ட்லேண்ட் அரசு மருத்துவமனை சுருங்கிப்போனது. அவசரமென்றால் திருவண்ணாமலை சாலையில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் போக வேண்டிய நிலை. 2025-இல் பென்ட்லேண்ட் பன்னோக்கு உயர் சிகிச்சை மருத்துவமனையாகப் புதுக் கட்டடத்தில் திறக்கப்பட்டது நகரத்து ஏழைகளுக்குப் பேருதவி. 2019-இல் வேலூரைப் பிரித்து ராணிப்பேட்டையையும் திருப்பத்தூரையும் தனி மாவட்டங்களாக்கினார்கள். அவை இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் இல்லாததால், வாலாஜாபேட்டையிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் அனுப்பப்படுகிறவர்கள் அடுக்கம்பாறைக்குத்தான் வருகிறார்கள். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், தரையில் பாய் என்ற காட்சிக்கு இந்தக் கணக்கே பெரிய காரணம்.

தோல் தொழிற்சாலையிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்கிறவர்கள் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருப்பதையும் மறக்க வேண்டாம். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் அது அவர்கள் உரிமை, சம்பளத்தில் 0.75 விழுக்காடு பிடிப்பதே அதற்காகத்தான்.

இப்போது அரசையும் தனியாரையும் இணைக்கிற காப்பீட்டுக்கு வருகிறேன். 2009-இல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி, 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடாக மாறி, 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்த ஏற்பாடு இது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குக் கிடைக்கிறது. அரசின் பணம் தனியாருக்குப் போகிறது என்று இதை எதிர்ப்பவர்கள் உண்டு. அவர்களுடைய கவலை எனக்குப் புரிகிறது. எளிதாக லாபம் வரும் அறுவைகளைத் தனியார் எடுத்துக்கொண்டு, பல நாள் படுக்க வேண்டியவர்களை அரசிடம் தள்ளிவிடும் போக்கு இதனால் வலுக்கும். ஆயினும் இதே காப்பீட்டு அட்டையைக் கொண்டு அரசு மருத்துவமனைகளும் காப்பீட்டுப் பணம் பெறுகின்றன. அந்தப் பணத்தில் கருவிகள் வாங்குகின்றன. தனியாரில் அட்டையைக் காட்டும்போது, இந்தச் சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா, அட்டைக்கு மேல் நாங்கள் கட்ட வேண்டியது எதுவும் உண்டா என்ற இரண்டு கேள்விகளையும் படுக்கை ஏறுவதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. சாலை விபத்தென்றால் அட்டையே தேவையில்லை: 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின்படி முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் கட்டணமற்றது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்தில் வாழ்கிற நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அம்மாவுக்கு அந்த அட்டை அப்போது இல்லை. ஒன்பது நாள் தாமதத்தில் சர்க்கரைக்கு ஆறு நாள் போனது. மீதி மூன்று நாள், உள்ளே வைக்கிற கம்பிக்கு அட்டை வேண்டும் என்று நாங்கள் ஓடியதில் போனது. குடும்ப அட்டை வேலூர் முகவரியில் இருந்ததால் என் தம்பி இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, வட்டாட்சியர் ஒப்புதல் வாங்கி, சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் பதிந்துகொண்டு, மூன்றாம் நாள் சாயங்காலப் பேருந்தில் அந்தத் தாளோடு வந்து இறங்கினான். மறுநாள் காலை முதல் கேஸாக அம்மாவை உள்ளே அழைத்துப்போனார்கள்.