மூட்டையா, பணமா, விதையா: பசிக்கு எதை முதலில் அனுப்புவது?

உலகத்தில் ஒரு வருடம் விளையும் தானியம் மட்டும் சுமார் 280 கோடி டன். 800 கோடிப் பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ வருகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு கால்நடைத் தீவனத்துக்குப் போய்விடுகிறது, கொஞ்சம் எரிபொருளாகவும் மாறுகிறது. அப்படியும் கிழங்கு, எண்ணெய், பருப்பு எல்லாவற்றையும் சேர்த்தால் எல்லோருக்கும் வயிறு நிறையும் கணக்குத்தான். ஆனாலும் 2024இல் சுமார் 67 கோடிப் பேர் பசியில் இருந்தார்கள் என்கிறது ஐ.நா. மதிப்பீடு. அதனால் எந்தத் தீர்வைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்த ஆளுக்கு ஏன் சோறு கிடைக்கவில்லை? கையில் காசு இல்லையா, சந்தையில் சரக்கே இல்லையா, அல்லது வழியில் யாராவது மறிக்கிறார்களா?

பழைய வழி, தானியத்தைக் கப்பலேற்றி அனுப்புவது. அமெரிக்கா 1954இல் இதற்கென்றே சட்டம் போட்டது, அதன் நோக்கத்தில் பாதி அங்கே தேங்கிக் கிடந்த உபரியைத் தள்ளிவிடுவது. உதவிச் சரக்கில் பாதியாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில்தான் போக வேண்டும் என்ற விதி வேறு. ஆக, பசித்தவனுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி கப்பல் வாடகைக்கே போய்விடும். சரக்கு போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும், அது இறங்கும் நேரம் உள்ளூர் அறுவடையும் வந்துவிட்டால் விலை விழுந்து அடுத்த வருடம் விதைக்க வேண்டிய விவசாயிதான் அடிபடுவான்.

இதற்கு எதிரே நிற்பது நேரடிப் பணம். கென்யாவின் கிராமங்களில் ஏழைக் குடும்பங்களுக்குச் சுமார் 1,000 டாலர் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வில், கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் அந்த வட்டாரப் பொருளாதாரத்தில் சுமார் இரண்டரை டாலர் அளவுக்கு நடமாட்டம் ஏற்பட்டது, விலைவாசியோ பேருக்குத்தான் ஏறியது. 'காசைக் கொடுத்தால் குடித்தே அழிப்பார்கள்' என்று வழக்கமாக ஒரு குரல் வரும். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து அலசிய உலக வங்கி ஆய்வாளர்களுக்கு அப்படிக் குடிச்செலவு கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. (இந்தச் சந்தேகம் ஏழைகள் மேல் மட்டும் வருவதை நான் எப்போதும் கவனிக்கிறேன்.)

சரி, சந்தையே காலியாக இருந்தால் பணத்தை வைத்து என்ன செய்வது? நியாயமான கேள்வி. ஆனால் 2011 சோமாலியாவைப் பாருங்கள். பஞ்சம் தாக்கிய தெற்குப் பகுதியில் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்தின் லாரிகள் நுழைய முடியாதபடி அல் ஷபாப் என்ற ஆயுதக் குழு தடுத்திருந்தது. அப்போது சில உதவி அமைப்புகள் ஹவாலா வழியாக, அதாவது வங்கி இல்லாமல் தரகர்கள் கைமாற்றும் முறையில், பணமாக அனுப்பின, வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் வியாபாரிகள் எப்படியோ சரக்கைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். லாரி போகாத இடத்துக்குக் காசு போனது. போனது தாமதமாக என்பதுதான் கொடுமை, அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் சுமார் 2,60,000 பேர், அதில் பாதி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

ஒரே ஒரு இடத்தில் பணம் பக்கத்திலேயே வர முடியாது: எலும்பும் தோலுமாகிவிட்ட குழந்தை. அதற்கு வேண்டியது 1990களில் பிரான்சில் உருவான நிலக்கடலைப் பசைப் பொட்டலம். 92 கிராம், 500 கலோரி. உள்ளே கடலை, பால் பொடி, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள். தண்ணீர் கலக்க வேண்டாம், அதனால் அழுக்குத் தண்ணீர் வழியாக வரும் வயிற்றுப்போக்கு பயம் இல்லை, குளிர்பெட்டியும் வேண்டாம். அம்மா மூலையைக் கிழித்துக் கொடுத்தால் குழந்தையே சப்பிச் சாப்பிட்டுவிடும். முன்பு வாரக்கணக்கில் மருத்துவமனையில் படுக்க வேண்டியிருந்த குழந்தைகளில் பெரும்பாலோர் இப்போது வீட்டிலேயே தேறுகிறார்கள்.

அடுத்து, விளைச்சலைக் கூட்டும் கட்சி. 1966இல் வந்த ஐஆர்8 என்ற அதிக விளைச்சல் நெல்லையும், 1970இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற நார்மன் போர்லாக்கின் குட்டைக் கோதுமையையும் விட்டுவிட்டு மேலே சொன்ன 280 கோடி டன்னைப் பற்றிப் பேசவே முடியாது. ஆனால் மொத்த விளைச்சல் இருந்தால் மட்டும் போதாது. 1943 வங்கப் பஞ்சத்தின்போது உணவு இருப்பு 1941ஐ விடக் குறைவாக இல்லை, போர்க்கால விலையேற்றத்தில் கூலிக்காரர்களின் வாங்கும் சக்திதான் நொறுங்கியது என்பது பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென்னின் வாதம். விதை உண்மையிலேயே பசியைத் தீர்ப்பது, பசித்தவரே விவசாயியாக இருக்கும் இடத்தில். சகாராவுக்குத் தெற்கே அதுதான் நிலைமை: ஹெக்டேருக்கு ஒன்றரை டன் தானியம் எடுக்கவே திணறுகிறார்கள், உலக சராசரியோ நான்கு டன். அங்கே உரமும் சாலையும் போனால் சாப்பாடும் வருமானமும் சேர்ந்தே வரும். என்ன, வருடக்கணக்கில் ஆகும்.

உணவு வீணாவதைத் தடுத்தால் போதும் என்பவர்கள் பெரிய எண்ணைக் காட்டுவார்கள்: 2022இல் வீடு, உணவகம், கடைகளில் மட்டும் 105 கோடி டன் வீணானது. இருக்கட்டும், பணக்கார நாட்டில் தட்டில் மிச்சமாவதைக் குறைத்தால் பூமிக்கு நல்லது, ஆனால் அந்தச் சோறு வேறொரு கண்டத்துத் தட்டுக்குத் தானாக வந்து சேராது. களஞ்சியத்தில் கெடுவது வேறு கதை. மேற்கு ஆப்பிரிக்காவில் தட்டைப்பயறுக்கு மூன்றடுக்குச் சாக்கு வந்திருக்கிறது: உள்ளே இரண்டு பிளாஸ்டிக் உறை, வெளியே நெய்த பை, ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறுக்கிக் கட்ட வேண்டும். உள்ளே மாட்டிய வண்டு இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு அடங்கிப்போகும். மருந்து இல்லை, மின்சாரம் இல்லை. அறுவடையன்றே அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டியவர் விலை ஏறும்வரை காத்திருக்கலாம்.

பள்ளிச் சாப்பாட்டையும் மறக்கக் கூடாது. பிரேசில் ஏழைக் குடும்பங்களுக்கு உதவித்தொகை கொடுத்தது, பள்ளி உணவுப் பணத்தில் 30 சதவீதத்தையாவது சிறு விவசாயிகளிடம் செலவிட வேண்டும் என்று 2009இல் சட்டமும் போட்டது. பசி மிகுந்த நாடுகளைக் காட்டும் ஐ.நா.வின் பசி வரைபடத்திலிருந்து 2014இல் வெளியே வந்து, பிறகு உள்ளே போய், 2025இல் மறுபடி வெளியே வந்தது.

என் வரிசை இதுதான்: சந்தை உயிரோடு இருந்தால் பணம், நலிந்த குழந்தைக்குப் பொட்டலம், விவசாயிக்கு விதையும் சாக்கும், கப்பல் மூட்டை வேறு வழியே இல்லாத இடத்துக்கு மட்டும்.

போர் நடக்கும் இடத்தில் இந்த வரிசையும் ஆட்டம் காணும். பட்டினியை ஆயுதமாக்குவதை ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2018லேயே கண்டித்தது, ஆனாலும் 2024இல் போர் நடக்கும் சூடானில், வீடிழந்தவர்கள் தங்கியிருந்த ஸம்ஸம் முகாமில் பஞ்சம் உறுதியானது. அந்த நாட்டில் லாரிகள் எல்லையில் நிற்கும்போது ஊர் இளைஞர்கள் கைபேசியில் வந்த பணத்தை வைத்துப் பொதுச் சமையலறைகள் நடத்தினார்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்க நிதி நின்றதும் அவற்றில் நூற்றுக்கணக்கானவை மூடப்பட்டன.