ஜெயிலுக்குப் பதில் சிகிச்சை: சென்னையில் இந்த வழி எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது?

கஞ்சா கேஸில் பையன் மாட்டினால் வீட்டார் முதலில் கேட்பது, "ரீஹாப்பில் சேர்த்துவிட்டால் கேஸ் போயிடுமா?" என்றுதான். போகலாம். சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் யாரும் தானாக முன்வந்து தர மாட்டார்கள். வக்கீல் மனு போட்டுக் கேட்க வேண்டும். ஐந்துக்கு மார்க் போடச் சொன்னால் சட்டத்துக்கு நாலு, அரசு வார்டுக்கு மூன்றரை, போர்டு மட்டும் மாட்டிக்கொண்டு பதிவே இல்லாமல் நடக்கும் மறுவாழ்வு மையங்களுக்குப் பூஜ்யம்.

வழி இரண்டு. முதலாவது, 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்டிபிஎஸ் சட்டத்தின் 64ஏ பிரிவு. போதைக்கு அடிமையானவர் மீது பயன்படுத்திய குற்றமோ (27-ஆம் பிரிவு), சிறு அளவு வைத்திருந்த குற்றமோ சாட்டப்பட்டிருந்து, அவரே விரும்பி அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகாரம் பெற்ற இடத்திலோ சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு. பாதியில் எழுந்து வந்தால் அந்த விலக்கை ரத்து செய்யலாம். இரண்டாவது, 39-ஆம் பிரிவு. இது குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு. தண்டனையை உடனே சொல்லாமல், அவர் சம்மதத்தோடு பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கோர்ட் சிகிச்சைக்கு அனுப்பும். ஒரு வருஷத்துக்குள் மருத்துவ ரிப்போர்ட் தாக்கல் செய்ய வேண்டும். ரிப்போர்ட் திருப்தியாக இருந்தால், எச்சரித்து, மூன்று வருஷத்துக்கு மிகாத இன்னொரு பத்திரத்தின் பேரில் விட்டுவிடலாம். முதல் வழியே மேல். இரண்டாவதில் 'குற்றவாளி' என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது.

பலர் வழுக்கி விழுவது அளவில்தான். கஞ்சாவுக்குச் சிறு அளவு 1 கிலோ வரை, ஹெராயின் 5 கிராம், மெத்தாம்ஃபெட்டமைன் 2 கிராம். எஃப்ஐஆரில் 20(பி)(2)(ஏ), அதாவது சிறு அளவு கஞ்சா, என்று இருந்தால் பேச இடம் உண்டு. அதிகபட்சம் ஒரு வருஷம் சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். அதே இடத்தில் 'பி' என்று இருந்தால், அதாவது 1 கிலோவுக்கு மேல் 20 கிலோவுக்குள், இந்த வழி அடைபட்டது. மஹஜரில் (போலீஸ் பறிமுதல் செய்தபோது எழுதும் பதிவு) எழுதிய எடையை வக்கீல் முதல் நாளே பார்த்துவிடட்டும். வலி மாத்திரை கேஸ் என்றால் மாத்திரையின் பெயரையும் பார்க்க வேண்டும்: டிரமடால் 2018-இல் இந்தச் சட்டத்துக்குள் வந்தது, எல்லா மாத்திரையும் வரவில்லை. சட்டமே வேறு என்றால் 64ஏ கிடையாது.

இன்னொரு சிக்கல்: சட்டம் சொல்வது 'அடிமை'யை. நண்பர்களோடு ஒரு தடவை இழுத்தவனுக்கு இது பொருந்தாது. சார்பு நிலை, அதாவது போதை இல்லாமல் இருக்க முடியாத நிலை, இருக்கிறது என்று மனநல மருத்துவர் எழுதித் தர வேண்டும். பொய்யாக எழுதி வாங்கலாம் என்று யோசனை சொல்பவரிடமிருந்து தள்ளியே இருங்கள்.

குடிக்கு இது எதுவும் இல்லை. மது என்டிபிஎஸ்ஸில் வராது. குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அல்லது இரண்டும். சிகிச்சைக்குப் போனேன் என்று கருணை கேட்கலாம், விலக்கு கேட்க முடியாது.

எங்கே சேர்ப்பது? வழக்கு இருக்கிறவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம். அரசு நடத்துவதால் அங்கீகாரம் பற்றி அரசு வக்கீல் வாயைத் திறக்க முடியாது, செலவும் இல்லை. குறை, கூட்டம். டாக்டர் உட்கார்ந்து பேசும் நேரம் குறைவு. அடையாறு இந்திரா நகரில் இருக்கும் டிடிகே மருத்துவமனையில் ஆலோசனைப் பகுதி பலம், குடும்பத்துக்கும் தனி வகுப்பு உண்டு. தனியார் இடம் எதுவானாலும் இரண்டு காகிதம் கேளுங்கள்: மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று, அரசு அங்கீகார ஆணை. பதிவு என்பது நடத்துவதற்கான உரிமம் மட்டுமே. 64ஏ கேட்பது அங்கீகாரத்தை. "வீட்டுக்கே வேன் அனுப்பித் தூக்கி வருவோம்" என்று சொல்லும் மையத்தைத் தொடவே வேண்டாம். அடி உதை ஒரு பக்கம், தூக்கிக்கொண்டு போனால் 'தானே விரும்பி' என்ற நிபந்தனையே உடைந்துவிடும்.

அதனால்தான் சேர்க்கைப் படிவம் முக்கியம். 2017 மனநலச் சட்டத்தின் 86-ஆம் பிரிவில், நோயாளியே கையெழுத்துப் போட்டுச் சேர வேண்டும். குடும்பத்தார் விண்ணப்பித்துச் சேர்க்கும் 89-ஆம் பிரிவு, 30 நாள் வரை வைத்திருக்க வசதியானது. ஆனால் கேஸுக்கு ஆகாது. 86-இல் சேர்ந்தவர் தானே கேட்டு வெளியேறவும் முடியும். ஹெராயின், வலி மாத்திரை ஆட்களுக்கு இரண்டாம் மூன்றாம் நாள் உடம்பு முறுக்கி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று உச்சத்துக்குப் போகும். "டிஸ்சார்ஜ் பண்ணுங்க" என்று அடம்பிடிப்பது அப்போதுதான். அந்த நாட்களில் வீட்டார் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். வெளியே வந்து பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடம்பு தாங்காது, உயிருக்கே ஆபத்து.

கோர்ட்டுக்குக் கொடுக்க வேண்டியவை: சேர்க்கைச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, பின்தொடர் ஓபி சீட்டுகள். சம்மரியில் 'சிகிச்சை முடிந்தது' என்ற வார்த்தை இல்லாவிட்டால் மனு தடுமாறும். சிறுநீர்ப் பரிசோதனையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தினமும் கஞ்சா இழுத்தவருக்கு, விட்டு ஒரு மாதம் ஆன பிறகும் பாசிட்டிவ் காட்டலாம். திரும்பவும் இழுத்தான் என்று அதை வைத்து வாதாடுவார்கள்; பழைய எச்சமாக இருக்கலாம் என்ற குறிப்பை டாக்டரிடம் முன்னாலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.