பசங்களுக்கு ஓட்டு போட சொல்லி குடுக்குற ஒர்க்‌ஷாப், 600 ரூபா ஒர்த்தா?

வடசென்னைல சனிக்கிழமை நடக்குற அந்த தேர்தல் ஒர்க்‌ஷாப் எப்படின்னு சில பேரு கேட்டிருந்தீங்க, ஒம்பதாவதுலேர்ந்து பிளஸ் டூ வரைக்கும் பசங்கள சேத்துக்குறாங்களே, அதேதான். பேரு போடல, குறையும் சொல்லப்போறேன்ல. என் பொண்ணு பிளஸ் ஒன், கிளாஸ் பசங்களோட சேர்ந்து போனா, பேரன்ட்ஸும் பின்னாடி உக்காரலாம்னாங்க, நானும் சாயங்காலம் வரைக்கும் உக்காந்துட்டேன். நான் கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர், எலெக்‌ஷன் டியூட்டி பார்த்த ஆளு, அதனால கொஞ்சம் நோண்டித்தான் பார்ப்பேன், முன்னாடியே சொல்லிடுறேன்.

காலைல வேஸ்ட். பிபிடி போட்டு ஓட்டு நம்ம கடமை, ஓட்டு நம்ம உரிமைன்னு ஒரே பிரசங்கம், பசங்க பாதி பேரு பெஞ்சுக்கு கீழ போன் நோண்டிட்டு இருந்தானுங்க. அப்புறம் உத்திரமேரூர் கல்வெட்டு, குடவோலை, நாமதான் உலகத்துக்கே தேர்தல் சொல்லி குடுத்தோம்னு ஆரம்பிச்சுட்டாங்க. அது பானைல ஓலைய போட்டு ஒரு சின்ன பையன விட்டு எடுக்க சொல்ற குலுக்கல்ங்க, அதுவும் சொந்த நிலம் இருக்கணும், வயசு 35லேர்ந்து 70க்குள்ள இருக்கணும். ஒரு பொண்ணு எழுந்து "லேடீஸ் நிக்கலாமா அண்ணா"ன்னு கேட்டுச்சு, கிளாஸ் எடுத்த அண்ணா அடுத்த ஸ்லைடுக்கு போயிட்டாரு. மெட்ராஸ் மாகாணத்துல 1921லயே பொம்பளைங்களுக்கு ஓட்டுரிமை குடுக்க கவுன்சில்ல தீர்மானம் போட்டாங்க, சொத்து இருக்குறவங்களுக்கு மட்டும்தான்னாலும் பிரிட்டிஷ் இந்தியா மாகாணங்கள்லயே முதல்ல இங்கதான், அத சொல்லியிருந்தா அந்த பொண்ணு கேள்விக்கு நல்ல பதிலா இருந்திருக்கும்.

ஆனா டீ பிரேக்குக்கு அப்புறம் பூத் செட் பண்ணாங்க பாருங்க, அங்கதான் நாம குடுத்த காசு வசூல். நிஜ மெஷின் வெளியாளுக்கு கிடைக்காது, இவங்களே மரப்பொட்டில நீல பட்டன், சிவப்பு லைட்டு எல்லாம் வச்சு டம்மி ஒண்ணு செஞ்சிருக்காங்க, விவிபேட்டுக்கு, அதான் யாருக்கு ஓட்டு விழுந்துச்சுன்னு சீட்டு காட்டுற மெஷினுக்கு, ஒரு அட்டைப்பொட்டிக்குள்ள டேப்லெட், சீட்டு கரெக்டா 7 செகண்ட் தெரிஞ்சுட்டு மறையுது, கடைசில கீய்ய்ங்னு அந்த சத்தம் கூட அப்படியே இருக்கு. பசங்களையே பூத்துக்கு பொறுப்பான பிரிசைடிங் ஆபீசர், போலிங் ஆபீசர், வேட்பாளரோட ஏஜென்ட்னு பிரிச்சு விட்டுட்டாங்க. ஒருத்தன் லிஸ்ட்ட பார்த்து பேரை சத்தமா படிக்கிறான், ஒருத்தி 17ஏ ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கிட்டு இடது ஆள்காட்டி விரல்ல மார்க்கர்ல கோடு போடுறா, இன்னொருத்தன் சீட்டு வாங்கிட்டு அடுத்த ஆளு ஓட்டு போட மெஷின ரெடி பண்ற பேலட் பட்டன அமுக்குறான். என் பொண்ணுதான் பிரிசைடிங் ஆபீசர், வீட்ல ஒரு டம்ளர் எடுத்து வைக்க மாட்டா, இங்க ஏஜென்ட்டுங்கள மிரட்டி உக்கார வச்சுட்டு இருந்தா.

மதியம் எண்ணும்போதுதான் கூத்தே. ரிஜிஸ்டர்ல 41 கையெழுத்து, மெஷின்ல 91 ஓட்டு. ஹாலே கத்துது, கள்ள ஓட்டு, ஹேக் பண்ணிட்டாங்கன்னு ஆளாளுக்கு ஒண்ணு. நான் பார்த்த உடனே கண்டுபிடிச்சுட்டேன், ஆனா வாய தொறக்கல, அந்த அண்ணாவும் தொறக்கல, அதுக்கே அவருக்கு ஒரு சபாஷ். ஒரு பத்து நிமிஷம் சண்டை போட்டுட்டு கடைசில ஒரு ஒல்லி பையன், அதுவரைக்கும் பேசவே இல்ல, "50 தானே எக்ஸ்ட்ரா, காலைல மாக் போல் 50 போட்டோம்ல, அத க்ளியர் பண்ணோமா"ன்னான். பண்ணல. மாக் போல்னா மெஷின் சரியா இருக்கான்னு பார்க்க போடுற சோதனை ஓட்டு. நிஜ பூத்துலயும் ஏஜென்ட்டுங்க முன்னாடி குறைஞ்சது 50 ஓட்டு மாக் போல் போட்டு, க்ளோஸ், ரிசல்ட், க்ளியர் பண்ணி, சீல் வச்சாதான் வாக்குப்பதிவே ஆரம்பம், டியூட்டி கிளாஸ்ல எங்களுக்கு சிஆர்சி சிஆர்சின்னு காதுல ஓதுவாங்க. அந்த ரிஜிஸ்டர் எதுக்கு, 17சி பார்ம்ல மொத்த எண்ணிக்கைய எழுதி ஏஜென்ட்டுக்கு காப்பி ஏன் குடுக்குறோம்னு பசங்களுக்கு அந்த ஒரு சண்டைல புரிஞ்சிருச்சு, நான் கிளாஸ்ல ஒரு வருஷம் கத்தினாலும் இது ஏறாது.

இன்னொண்ணும் நடந்துச்சு, வேட்பாளரா நின்ன ஒரு பையன் பிரேக்ல எல்லாருக்கும் சாக்லேட் குடுத்துட்டான். தோத்தவன் கம்ப்ளெயின்ட். அந்த அண்ணா திட்டாம, பணப்பட்டுவாடா புகார்ல 2017 ஏப்ரல்ல ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையே ரத்து பண்ணிட்டு டிசம்பர்லதான் நடத்துனாங்கன்னு சொல்லி, வாங்குனவனும் குத்தவாளிதான்னாரு, அந்த தொகுதி பசங்களே நாலஞ்சு பேரு அங்க இருந்தாங்க, கப்சிப். ஓட்டு பட்டன் இருக்குற பொட்டி, அதான் பேலட் யூனிட், ஒண்ணுல நோட்டாவோட சேர்த்து 16 பேருதான்னதும் ஒருத்தன் ஆயிரம் பேரு நின்னா என்ன பண்ணுவீங்கன்னு நக்கலா கேட்டான், 1996ல மொடக்குறிச்சில 1033 பேரு நின்ன கதைய எடுத்து விட்டாரு, வாக்குச்சீட்டே புஸ்தகம் மாதிரி ஆயிடுச்சாம்ல. செம சிரிப்பு.

இப்போ என் பெரிய குறை. சாயங்காலம் கடைசி ஸ்லைடு, 2024 லோக்சபா தேர்தல்ல தென்சென்னை, மத்திய சென்னை ரெண்டுலயும் ஓட்டுப்பதிவு சுமார் 54 சதவீதம்தான், மாநிலம் கிட்டத்தட்ட 70, சென்னைக்காரங்க சோம்பேறின்னு முடிச்சுட்டாங்க. லீவு விட்டா ஈசிஆர் போறவங்க இருக்காங்க, இல்லன்னு சொல்லல. ஆனா கைல வோட்டர் கார்ட வச்சுக்கிட்டு லிஸ்ட்ல பேரு இல்லாம என் மேசை முன்னாடி நின்னு கத்திட்டு திரும்பி போனவங்களையும் பார்த்திருக்கேன், வாடகை வீடு மாறிட்டே இருப்பாங்க, பார்ம் 8 குடுத்து அட்ரஸ் மாத்தியிருக்க மாட்டாங்க. கார்டு இருந்தா போதாது, லிஸ்ட்ல பேரு இருக்கணும், இத அன்னிக்கு யாருமே சொல்லல. அங்க வந்த பிளஸ் டூ பசங்க பாதி பேருக்கு 17 முடிஞ்சிருக்கும், லிஸ்ட்ல புதுசா பேரு சேக்குற பார்ம் 6 இப்பவே முன்கூட்டியே குடுக்கலாம், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஒண்ணாம் தேதின்னு வருஷத்துக்கு நாலு கட்-ஆப் இருக்கு, 18 ஆனதும் பேரு ஏறிடும். பட்டன் அமுக்க அவ்ளோ நேரம் சொல்லி குடுத்துட்டு, பார்ம் 6 ஒரு ஜெராக்ஸ் கூட கைல குடுக்கல. கேட்டதுக்கு அடுத்த பேட்ச்ல சேக்குறோம்னு சொல்லியிருக்காங்க, பார்ப்போம்.

அஞ்சுக்கு மூணரை. பிளஸ் ஒன், பிளஸ் டூன்னா தாராளமா அனுப்புங்க, ஒம்பதாவது பசங்க காலைலயே நெளிய ஆரம்பிச்சுட்டாங்க. சாப்பாடு சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு, நல்லாவே இருந்துச்சு. ஹால்ல பேன் ரெண்டுதான், ஏப்ரல் மே பேட்ச் மட்டும் வேண்டாம். போகும்போது பார்ம் 6 பிரிண்ட் அவுட்டும், டென்த் மார்க்‌ஷீட், ஆதார் காப்பியும் நீங்களே குடுத்து விட்டுடுங்க, அந்த அண்ணா கேட்டா உக்காந்து பில் பண்ண ஹெல்ப் பண்றாரு.