அம்மாவின் விரலுக்கு வாங்கிய எஃகுத் தகடும், அதற்குப் பிறகு வாங்கிய கையுறையும்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அம்மா ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர், விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் கத்தி பிடித்த கை அது. அவரே போன வருஷம் முருங்கைக்காய் நறுக்கும்போது இடது கட்டைவிரலை வெட்டிக்கொண்டார். வெட்டியதே தெரியவில்லை, காயில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் கையைப் பார்த்திருக்கிறார். இனிப்புநீரால் (சர்க்கரை நோய்) விரல் நுனியில் உணர்ச்சி குறைந்துபோயிருக்கிறது. சின்ன வெட்டுதான், ஆனால் ஆறுவதற்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான், ஆனால் கட்டு மாற்ற அவரைக் கூட்டிக்கொண்டு போன ஒவ்வொரு நாளும் எனக்கு அன்றைய வேலை போனது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி இந்த நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஆன்லைனில் 7 வெள்ளிக்கு ஒரு விரல் கவசம் வாங்கினேன். வளைந்த எஃகுத் தகடு, பின்னால் ஒரு வளையம், அதை நடுவிரலில் மாட்டிக்கொண்டால் தகடு விரல்களுக்கும் கத்திக்கும் நடுவில் நிற்கும். பலகையில் வைத்துக் கேரட், வெள்ளரிக்காய், பயத்தங்காய் நறுக்க நன்றாகவே இருக்கிறது, ஒன்பது வயது மகள் இதைப் போட்டுக்கொண்டுதான் நறுக்கப் பழகுகிறாள். உருண்டையான வெங்காயம் என்றால் தகடு வழுக்குகிறது. கத்தியின் கூர் தகட்டில் உரசினால் சீக்கிரம் மழுங்கியும் விடும்.

அம்மாவுக்கு இது ஒத்தே வரவில்லை. "இதப் போட்டா காயப் புடிக்கவே முடியலயேம்மா" என்று இரண்டாம் நாளே கழற்றிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. அவர் பலகையே எடுப்பதில்லை. வாழைக்காய், கத்தரிக்காய், முருங்கைக்காய் எல்லாமே கையில் பிடித்து, கத்தியைத் தன் பக்கமாக இழுத்து, கட்டைவிரலில் கொண்டுவந்து நிறுத்துகிற பழக்கம், நம் வீடுகளில் பெரியவர்கள் பாதிப் பேர் இப்படித்தான் நறுக்குவார்கள். தகடு மறைப்பதோ மற்ற விரல்களை. வெட்டு விழுகிற கட்டைவிரலும் உள்ளங்கையும் திறந்தே கிடக்கின்றன. இந்தத் தகட்டைப் பலகையில் நறுக்குகிறவர்களுக்காகச் செய்திருக்கிறார்கள், அவர்களுக்கும் விரல் நுனியை உள்ளே மடக்கி முட்டியைக் கத்திக்கு அணைவாக வைக்கத் தெரிந்தால் இது தேவையே இல்லை.

அப்புறம் வெட்டுத் தாங்கும் கையுறை வாங்கினேன், ஒரு ஜோடி 16 வெள்ளி. வலுவான நூலில் பின்னியது, முழுக் கையையும் மூடும். இஎன் 388 என்ற ஐரோப்பியத் தர எண் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதன் கீழே வரும் எண்களில் இரண்டாவதுதான் வெட்டைத் தாங்கும் அளவு, அது 5 வரை போகும், எங்களுடையது 5. நான்காவது எண் குத்தைத் தாங்கும் அளவு, அதில் எங்கள் உறை மிகவும் குறைவு. கத்தி முனையால் குத்தினால் உள்ளே போய்விடும் என்பதை அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். மாட்டிக்கொண்டு மெஷின் பக்கம் போகவே கூடாது, சுற்றுகிற பாகத்தில் நூல் சிக்கினால் கையையும் இழுத்துக்கொள்ளும்.

முதல் வாரம் முனகிக்கொண்டே போட்டார், இப்போது தானாகவே எடுத்து மாட்டுகிறார். எட்டு மாதமாகக் கையில் ஒரு வெட்டு இல்லை. தேங்காய் துருவும்போதும் போட்டுக்கொள்கிறார், அதுவும் நல்ல பாதுகாப்பு. மீன் வெட்டத்தான் சரிப்படவில்லை, செதிலும் வாடையும் நூலில் ஏறிவிடுகின்றன, அதனால் மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை. கத்தியைத் தீட்டி வைப்பது என் வேலை, மழுங்கிய கத்தியை அழுத்தும்போதுதான் அது காயிலிருந்து வழுக்கிக் கைக்கு வரும்.

உறையைச் சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் போட்டால் மழை நாளில் காய ஒரு நாள் ஆகிறது. ஆனால் பின்னல் உறைக்கு இடது வலது இல்லை, ஒன்று காய்கிற நேரத்தில் மற்றதை அதே இடது கையில் மாட்டிக்கொள்கிறார்.