தட்டுப் பவளம்: அறுப்பதா, குட்டி முளைக்கக் காத்திருப்பதா?

ஒரு தட்டுப் பவளத்தைப் பலவாக்க எது நல்ல வழி? டர்பனில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் நம் ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஃபங்கியா என்னும் தட்டு வடிவப் பவளம் (சுருக்கமாகத் தட்டு) பெரும்பாலும் ஒற்றை வாயுள்ள தனி உயிர். கிளைப் பவளம்போல நுனியை ஒடித்து ஒட்ட முடியாது.

செலவு
அறுப்பது: வைர ரம்பம் வேண்டும், ஒரே தட்டுக்காக வாங்கினால் கட்டுப்படியாகாது.
காத்திருப்பது: காசே இல்லை.

ஆபத்து
அறுப்பது: பயமே இங்கேதான். ஒவ்வொரு துண்டிலும் வாயில் ஒரு பங்கு இருந்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம். தொட்டி நீரைத் தனியே எடுத்து அயோடின் கலந்து அதில் துண்டுகளை முக்கி, பிறகு தொட்டியில் மணல்மேல், நீரோட்டம் குறைந்த மூலையில் வையுங்கள். சதை பழுப்புக் கூழானால் அந்தத் துண்டை உடனே எடுத்துவிடுங்கள். மின்வெட்டு வரும் நாளில் ரம்பத்தைத் தொடவே வேண்டாம்.
காத்திருப்பது: நொந்துபோன தட்டின் எலும்புக்கூட்டில் எஞ்சிய சதையிலிருந்து குட்டிகள் முளைக்கும். காம்பில் வளர்ந்து பிறகு தானே கழன்று விழும். வெள்ளையாகிவிட்டதே என்று நான் வீச இருந்த தட்டில் ஐந்து குட்டிகள் வந்தன!

வேகம்
அறுப்பது: வெட்டுக்காயம் ஆறச் சில வாரங்கள்.
காத்திருப்பது: மாதக்கணக்கு, வராமலும் போகலாம்.

சரி, எது யாருக்கு? இருப்பதே ஒரு நல்ல தட்டு என்றால் இரண்டும் வேண்டாம், சும்மா விடுங்கள். மூன்று நான்கு இருந்து, நண்பருக்குப் பங்கு தர வேண்டுமென்றால் அறுக்கலாம். ஏற்கெனவே நொந்த தட்டா? காத்திருங்கள். தொட்டி நீரில் கால்சியம் மட்டும் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராமுக்குள் நிற்கட்டும்.